பாரிஸ் மேடையில் முத்துக்குளிப்போர்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் தாயாக நின்று, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில்தான் பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை ஒரு காலத்தில் சிறந்து விளங்கிற்று. ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் பின்வாங்க, கொற்கை இன்று சில கல் உள்ளே தள்ளிச் சிற்றூராக நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகர் கையேடு ஒன்று இந்தக் கொற்கையைக் குறிப்பிட்டு, இங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. முத்தைக் கண்டு வியந்த உலகம், மூழ்கியவனைப் பற்றி அதற்கு மேல் அறிய விரும்பவில்லை.

அப்படி ஒரே வரியில் அடங்கிப்போன அந்த மனிதன், 1863-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் மாலையில், பாரிஸ் மாநகரின் நாடக மேடை ஒன்றில் தோன்றிப் பாடினான் என்றால் வியப்பாக இல்லையா? அன்று அரங்கேறிய இசை நாடகத்தின் பெயரே 'முத்துக்குளிப்போர்' என்பதுதான். அதற்கு இசை அமைத்தவர் 24 வயதுப் பிரெஞ்சு இளைஞர். அவர் பெயர் ஜார்ஜ் பிஸே. அவர் யார், நம் கடலைப் பற்றி என்ன பாடினார், அதில் மெய் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை இந்த மாதம் சற்று ஆராய்வோம்.

ஓபரா என்றால் என்ன?

மேனாட்டார் 'ஓபரா' என்று வழங்குவது முழுதும் பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை. அரசனும் பாடுவான், அடிமையும் பாடுவான். சாகப்போகிறவனும் பாடிவிட்டுத்தான் சாவான். மேடைக்கு முன்னே பெரியதோர் இசைக்குழு அமர்ந்து தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். இது நமக்குப் புதிய பொருளன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாட்டே கதையை நடத்திச் சென்றதை நம் தாத்தாமார் விடியவிடிய விழித்திருந்து கேட்டார்கள். கடலுக்கு அக்கரையில் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர், புனிதர்களின் வரலாற்றை வாசாப்பு என்னும் பாட்டு நாடகமாக இரவெல்லாம் ஆடி வந்திருக்கிறார்கள். மன்னார் என்பது முத்துச்சிப்பி விளையும் பார்களுக்கு அண்டையிலுள்ள ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முத்துக்கடலின் கரையிலே அதன் மக்களே பாடிய இசை நாடகம் ஒன்று இருந்தது. பாரிஸ் அதை அறியவில்லை.

பிள்ளைமையிலேயே இசை

பிஸே 1838-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தந்தை பாட்டு ஆசிரியர். தாய் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். அறைக்கு வெளியே நின்று, தந்தை பிறருக்குக் கற்பித்ததைக் கேட்டே சிறுவன் பாடங்களைக் கற்றுக்கொண்டான் என்று சொல்வார்கள். பத்து வயது நிறைவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பாரிஸ் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 17-ஆம் வயதில் ஒரு சிம்பொனியை எழுதினார். அதை அவர் வாழ்நாளில் ஒருவரும் வாசிக்கவில்லை. ஏடு எங்கோ உறங்கிக் கிடந்து, எண்பது ஆண்டுகளுக்குப் பின் 1935-இல்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதன்முதலாக ஒலித்தது. இன்று உலகெங்கும் அதை விரும்பிக் கேட்கிறார்கள்.

அவருக்கு வழிகாட்டியாகவும் மூத்த நண்பராகவும் இருந்தவர் சார்ல் குனோ. நம் பாடற்குழுவினர் இந்தப் பெயரை அறிவர். ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய சிறு பியானோப் பகுதியின் மேலே ஓர் இன்னிசையைப் படரவிட்டு, 'அவே மரியா' என்னும் புகழ்பெற்ற பாடலைத் தந்தவர் இவர்தான். குருவாகும் எண்ணத்தோடு சில காலம் இறையியல் பயின்றவர். பிறகு இசைக்கே திரும்பினார். திருத்தந்தைக்காக இவர் 1869-இல் எழுதிய அணிநடை இசையையே 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் வத்திக்கானின் கீதமாக ஏற்றார்.

1857-இல் பிஸேக்கு 'உரோமைப் பரிசு' கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்றவர்கள் அரசாங்கச் செலவில் உரோமையில் தங்கிப் பயிலலாம்; முதலாண்டு முடிவில் திருப்பலிக்குரிய இசை ஒன்றை எழுதி அனுப்பவேண்டும் என்பது விதி. பிஸே 'தே தேயும்' என்னும் நன்றிப்பாட்டுக்கு இசை அமைத்து ஒரு போட்டிக்கு அனுப்பினார். அவரைத் தவிரப் போட்டியிட்டவர் ஒரே ஒருவர்; பரிசு அந்த ஒருவருக்கே போயிற்று! கோயில் இசை தம் இயல்புக்கு ஒத்ததன்று என உணர்ந்த பிஸே, விதிப்படி அனுப்பவேண்டிய திருப்பலி இசைக்குப் பதிலாக ஒரு நகைச்சுவை ஓபராவை எழுதி அனுப்பினார். அந்தத் துணிவை அதிகாரிகள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதே அவருடைய திறமைக்குச் சான்று.

மெக்சிக்கோவிலிருந்து இலங்கைக்கு

உரோமையிலிருந்து திரும்பிய இளைஞருக்குப் பாரிஸில் எளிதாக வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாணவர்களுக்குக் கற்பித்தும், பிறருடைய ஓபராக்களைப் பியானோவுக்கு ஏற்ப எழுதிக்கொடுத்தும் வயிறு வளர்க்கவேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில், உரோமைப் பரிசு பெற்ற இளம் கலைஞர் ஒருவரின் மூன்றங்க ஓபராவை ஆண்டுதோறும் அரங்கேற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு, 'தெயாத்ர் லிரிக்' என்னும் அரங்கிற்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் பிராங்கு கொடை ஏற்பாடாயிற்று. அரங்கின் தலைவர் கர்வாலோ பிஸேயை அழைத்தார். 1863-ஆம் ஆண்டு ஏப்ரலில் பணி கிடைத்தது. நான்கைந்து மாதங்களில் இசை முடிந்தாகவேண்டும்.

கதையை எழுதியவர்கள் கோர்மோன், கர்ரே என்னும் இருவர். அவர்கள் முதலில் கதையை மெக்சிக்கோ நாட்டில் நடப்பதாக வைத்திருந்தார்கள். பிறகு இலங்கைக் கடற்கரைக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்நாளைய பாரிஸ் மக்களுக்குக் கீழ்த்திசை நாடு எதுவானாலும் ஒன்றுதான். பனைமரம், கோயில், முகத்திரை அணிந்த மங்கை, பயங்கரமான சபதம் ஆகியவை இருந்தால் போதும். பிஸே ஒருபோதும் இலங்கையைப் பார்த்தவர் அல்லர்.

கதை இது. முத்துக்குளிப்போர் கடற்கரையில் கூடிச் சுர்கா என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நெடுநாள் பிரிந்திருந்த அவன் நண்பன் நாதிர் அப்போது வந்து சேருகிறான். முன்பொரு நாள் கண்டியில், கோயிலில் கண்ட ஒரு பெண்ணின்மேல் இருவருமே மனத்தைப் பறிகொடுத்தவர்கள். அதனால் நட்புக்குப் பங்கம் வரக்கூடாதென்று அவளை மறந்துவிட ஆணையிட்டவர்கள். இருவரும் சேர்ந்து அந்த நாளை நினைத்துப் பாடும் பாட்டுத்தான் இந்த ஓபராவிலேயே மிகப் புகழ்பெற்றது. அடுத்து, மூழ்குவோரைக் காக்கும்படி பாறைமேல் நின்று பிரமனை வேண்டிப் பாடுவதற்காக, முகத்தை மறைத்த பூசாரிப் பெண் ஒருத்தி படகில் வருகிறாள். அவள் எவரையும் காணலாகாது, எவருக்கும் உரியவளாகலாகாது. அவ்விதம் நோன்பைக் காத்தால் அவ்வாண்டின் மிகச் சிறந்த முத்து அவளுக்கு, தவறினால் சாவு. குரலைக் கேட்ட நாதிர், அவளே தான் கண்ட லைலா என்று அறிந்துகொள்கிறான். இருவரும் சந்திக்கிறார்கள், பிடிபடுகிறார்கள், சிதையில் ஏற்றும் தீர்ப்பைப் பெறுகிறார்கள். பொறாமையால் வெந்த சுர்கா முதலில் மன்னிக்க மறுக்கிறான். பிறகு லைலாவின் கழுத்தணியைக் கண்டு திடுக்கிடுகிறான். முன்பொரு நாள் உயிருக்கு அஞ்சி ஓடிவந்த தன்னை மறைத்துக் காப்பாற்றிய சிறுமிக்குத் தானே நன்றியாகத் தந்த அணி அது! குடியிருப்புக்குத் தானே தீயிட்டு, மக்கள் தம் குழந்தைகளைக் காக்க ஓடும் நேரத்தில் இருவரையும் தப்பவிட்டு, வருவதை ஏற்கத் தான் தனியே நிற்கிறான். அத்துடன் திரை விழுகிறது.

எது மெய், எது கற்பனை?

பெயர்களைப் பார்த்த உடனே நமக்குச் சிரிப்பு வருகிறது. பிரமனின் கோயில் குருவுக்கு நூராபாத் என்று பெயர்! நாதிர், லைலா என்பனவும் பாரசீக, அரபு வழக்கில் உள்ள பெயர்கள். தமிழ்ப் பெயரும் இல்லை, சிங்களப் பெயரும் இல்லை. ஆயினும் கதையை முழுதும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நம் கடலின் நடைமுறையோடு வைத்துப் பார்த்தால் சில இடங்கள் விந்தையாகப் பொருந்துகின்றன.

முதலாவது, தலைவன். பாரிஸ் மேடையில் மூழ்குவோர் தங்கள் தலைவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் முத்துக்குளித்துறையிலே பரதவருக்குச் சாதித் தலைவர் என்னும் தலைமை தூத்துக்குடியில் வழிவழியாக இருந்து வந்தது. குளிப்புக் காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கற்களின் வருவாய் அவருக்கு உரிமையாக விடப்பட்டது. 'கல்' என்பது மூழ்குகிறவர் காலைப் பதித்து இறங்கும் பாரக்கல். ஒரு படகில் எத்தனை கல் என்பதைக் கொண்டுதான் கணக்கே நடந்தது.

இரண்டாவது, கடலை மந்திரத்தால் கட்டும் பூசாரி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, மூழ்குவோருக்குத் தீங்கு செய்யும் பெருமீன்களைப் பிராமணர் மந்திரத்தால் கட்டுவர் என்றும், அதற்கு இருபதில் ஒரு பங்கு முத்துப் பெறுவர் என்றும், மாலையானதும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ஓபராவின் பூசாரிப் பெண் முழுப் பொய்யல்லள்; பழைய பயணக் கதைகளின் நிழல் அவள்மேல் விழுந்திருக்கிறது எனலாம்.

ஆனால் பிஸே எழுதிய காலத்தில் உண்மை நிலை என்ன? இலங்கையில் உயர்ந்த அரசுப் பதவி வகித்த எமர்சன் டென்னன்ட் என்பவர், ஓபரா அரங்கேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1861-இல் வெளியிட்ட நூலில், சுறாவைக் கட்டும் அந்தப் பரம்பரை உரிமையைப் பற்றி விவரிக்கிறார். 'கடல்கட்டி' என்று நம் மக்கள் வழங்கியது இந்தப் பதவியைத்தான். அப்போது அந்தத் தொழிலைச் செய்துவந்த குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று டென்னன்ட் எழுதுகிறார்! மந்திரத்தின் வலிமைக்கும் மந்திரிப்பவரின் சமயத்துக்கும் தொடர்பில்லை என்று மூழ்குவோர் கருதினார்களாம். பங்குக் குருக்கள் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்களோ! நமக்கோ, ஆழத்தை எதிர்கொள்ளும் மனிதனின் அச்சம் எவ்வளவு பெரிது என்பதே இதில் புலனாகிறது. ஞானத்தண்ணீர் பெற்றவனும் கடலின் முன்னே இன்னொரு காவலைத் தேடினான்.

மூன்றாவது, மூழ்கியவர்கள். பாரிஸ் மேடையில் அனைவரும் பிரமனை வணங்கினார்கள். நம் கடலில் மூழ்கியவர்களில் பெரும்பகுதியினர் 1535-37-ஆம் ஆண்டுகளில் திருமறை தழுவி, 1542-இல் வந்த புனித சவேரியாரிடம் செபம் கற்ற பரதவர் குலத்தார். அவர்களோடு கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களும், இராமேசுவரம் பகுதியினரும் மூழ்கினார்கள். ஓபரா எழுதப்படுவதற்குச் சற்று முன்னர், 1860 முதல் 1862 வரை, தூத்துக்குடிக் கடலில் குளிப்பு நடைபெற்றது. கர்ரேயும் கோர்மோனும் மெக்சிக்கோவை விட்டு எங்கே போகலாம் என்று யோசித்த நாள்களை ஒட்டி, மெய்யான சந்தியாகுகளும் மிக்கேல்களும் இங்கே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு நீரில் குதித்தார்கள்.

நான்காவது, ஆபத்து. மேடையில் ஆபத்து தீய ஆவிகளிடமிருந்தும் சிதையின் தீயிலிருந்தும் வந்தது. நம் கடலில் எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில், ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் கிட்டிய சிப்பிகளையெல்லாம் வாரிக் கூடையில் இடவேண்டும். இதை நாள்முழுதும் மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். காதும் மூக்கும் இரத்தம் கக்கும். சுறாவால் இறந்தவர் அரிது. கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடிய முகாமிலே, அழுகும் சிப்பிகளின் நாற்றத்துக்கு நடுவில் பரவிய வாந்திபேதியால் இறந்தவரே பலர். சிப்பி திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கியவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிப்பி, எஞ்சியது அரசாங்கத்துக்கு. 1905-இல் இலங்கைப் பகுதியில் நடந்த பெருங்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு சிப்பியும் ஒரு மனிதனின் மூச்சுக் கணக்கில் வாங்கப்பட்டது.

கயிறும் பாட்டும்

இத்தனை பிழை இருந்தும், இந்த ஓபராவை நாம் மதிக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. அது அந்த இரு நண்பர்களின் பாட்டு. புல்லாங்குழலும் யாழும் மெல்ல எழ, ஆண்குரல் இரண்டு ஒன்றையொன்று தழுவி உயர்ந்து, இறுதியில் ஒரே குரலாகிவிடுகின்றன. மொழி தெரியாதவரையும் அது உருக்கும். நம்பிக்கை என்பது என்ன, அது உடையும்போது என்ன நேரும் என்பதே அதன் பொருள்.

அந்தப் பொருளைப் பிஸேயைவிட நன்றாக அறிந்தவர்கள் நம் கடற்கரையார். மூழ்குகிறவன் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை படகில் நிற்பவன் கையில். கீழேயிருந்து ஓர் அசைவு. மேலே இருப்பவன் அக்கணமே இழுத்தாகவேண்டும். அவன் கவனம் ஒரு நொடி சிதறினால் கீழே ஓர் உயிர் போகும். ஆகவே மூழ்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் அல்லவா? பாரிஸ் கவிஞர்கள் ஆணையாலும் மந்திரத்தாலும் கட்டிக் காட்டிய நம்பிக்கையை, நம் மக்கள் ஒரு முழக் கயிற்றிலே கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண்ணால் பிளவுபடும் இரு ஆடவரின் நட்பை மேடை காட்டியது. ஒரு பெண்ணால் பிணைக்கப்பட்ட இரு ஆடவரின் நம்பிக்கையை நம் படகுகள் சுமந்தன. இந்தக் கயிற்றை மட்டும் பிஸே கேள்விப்பட்டிருந்தால், எப்படிப்பட்ட பாட்டுப் பிறந்திருக்கும்!

முடிவில் சுர்கா செய்வதையும் எண்ணிப் பாருங்கள். வஞ்சம் தீர்க்கும் வாய்ப்புக் கையில் இருக்கிறது. சட்டமும் அவன் பக்கம் நிற்கிறது. இருந்தும், என்றோ ஒரு சிறுமி செய்த நன்றியை நினைத்து, நண்பனுக்காகத் தன்னையே இழக்கத் துணிகிறான். அன்பின் உச்சம் எதுவென்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் சொன்னது நம் நினைவுக்கு வருகிறது. கதையிலே ஊர் பொய், பெயர் பொய், அந்த மனம் மெய்.

பாட்டுகள் இடம் மாறும் விதமும் விந்தையானது. இந்த ஓபராவில் கூட்டமாகப் பிரமனைப் போற்றிப் பாடும் பகுதிக்கு, உரோமையில் பரிசு பெறாமற்போன தம் 'தே தேயும்' இசையிலிருந்தே பிஸே மெட்டை எடுத்துக்கொண்டார். அதற்கு நேர்மாறாக, 1872-இல் அவர் வேறொரு நாடகத்துக்காக எழுதிய இடையிசை ஒன்றுக்கு, அவர் இறந்தபின் நண்பர் கிரோ என்பவர் 'ஆக்னுஸ் தேயி' என்னும் இலத்தீன் மன்றாட்டைப் பொருத்தினார். இன்று கோயில்களில் அதைப் பாடுகிறார்கள். கோயில் பாட்டு நாடகத்துக்குப் போயிற்று. நாடகப் பாட்டு கோயிலுக்கு வந்தது!

கைதட்டலைக் கேளாமல்

'முத்துக்குளிப்போர்' 18 முறைதான் நடிக்கப்பட்டது. பத்திரிகைத் திறனாய்வாளர் பலர் குறை கூறினர். பெர்லியோஸ் என்னும் பேரிசைஞர் மட்டும் இளைஞரின் இசையில் உள்ள அழகுகளை எடுத்துக்காட்டிப் பாராட்டினார். அதன்பின் பிஸே உயிரோடிருந்தவரை எங்கும் அது மேடையேறவில்லை. இவ்வளவு திறமை உடையவர் என்று அறிந்திருந்தால் இன்னும் நல்ல கதையைக் கொடுத்திருப்போமே என்று எழுதியவர்கள் பின்னர் வருந்தினார்கள் என்று சொல்லப்படுகிறது.

1869-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் பிஸேக்குத் திருமணம் நடந்தது. மணமகள், அவருடைய ஆசிரியரும் ஓபரா ஆசிரியருமான அலேவியின் மகள். அடுத்த ஆண்டு போர் மூண்டபோது தேசியக் காவற்படையில் சேர்ந்தார். 1875-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் அவருடைய தலைசிறந்த படைப்பாகிய 'கார்மென்' அரங்கேறிற்று. புகையிலைத் தொழிற்சாலைப் பெண்ணையும் கள்ளக்கடத்தல்காரரையும் மேடையேற்றியதைக் கண்டு குடும்பத்தோடு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். தோல்வி என்ற எண்ணத்தோடு, நோயுற்ற உடலோடு, பிஸே பாரிஸுக்கு வெளியே பூஜிவால் என்னும் ஊரில் ஜூன் 3-ஆம் நாள் உயிர்நீத்தார். அன்று அவருடைய ஆறாவது திருமண நாள், வயது 36. இரண்டு நாள் கழித்துத் திரித்துவக் கோயிலில் நடந்த அடக்கத் திருச்சடங்கில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். கல்லறையருகே பேச எழுந்த குனோ கண்ணீர்விட்டார். நான்கே மாதங்களில் வியன்னா நகரில் 'கார்மென்' பெருவெற்றி பெற்றது. இன்று உலகில் மிகுதியாக மேடையேறும் ஓபராக்களுள் அது ஒன்று.

'முத்துக்குளிப்போர்' 1886-இல் இத்தாலியின் மிலான் நகரில் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அதற்குள் பிஸே தம் கையால் எழுதிய இசையேடு காணாமற்போயிருந்தது. பதிப்பித்தவர்கள் தம் விருப்பப்படி வெட்டினார்கள், ஒட்டினார்கள், முடிவையே மாற்றினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகம் அந்தச் சிதைந்த வடிவத்தைத்தான் கேட்டது. 1970-களில்தான் அறிஞர்கள் மூல வடிவத்தைத் திரும்ப அமைக்க முற்பட்டார்கள். எதைக்கொண்டு? 1863-லேயே பாட்டுக்கும் பியானோவுக்குமாக அச்சான ஏடு ஒன்று பிழைத்துக் கிடந்தது. அந்த ஒரு படி இருந்ததால் உண்மை தப்பிற்று. எவரோ ஒருவர் அன்று எழுதி அச்சேற்றி வைத்ததால், ஆசிரியரின் குரல் நூறு ஆண்டு கழித்தும் திருத்தமாகக் கேட்டது.

நம் ஏடு எங்கே?

அன்புள்ள குடும்பத்தாரே, நான் இதையெல்லாம் விரித்துரைத்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கற்பனை முத்துக்குளிப்போருக்கு ஓர் ஏடு இருந்தது. மெய்யான முத்துக்குளிப்போருக்கு அப்படியோர் ஏடு எங்கே? துரைமார் எழுதிய அறிக்கைகள் உள்ளன. அவற்றில் சிப்பிக் கணக்கு உண்டு, ஏலத் தொகை உண்டு, அரசாங்க வருவாய் உண்டு. மூழ்கியவன் நீருக்கடியில் என்ன கண்டான், எதை நினைத்தான், எந்தப் புனிதரை அழைத்தான் என்பது அவற்றில் இல்லை. அந்த ஏடு முதியோர் சிலருடைய நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு தேறவில்லை, குளிப்பு நின்றுபோயிற்று. 1973-இல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் அறிவியலார் முத்தைச் செயற்கை முறையில் வளர்த்துக் காட்டினார்கள். மூழ்குவோர் சங்கெடுக்கும் தொழிலுக்குத் திரும்பினார்கள். 1961-இல் இருபது வயது இளைஞனாகத் தோலாயிரம் பாரில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அத்தகையோர் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள்? இன்னும் பத்து ஆண்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் ஒருவர் கண்மூடும்போதெல்லாம், வேறு படியில்லாத இசையேடு ஒன்று தீக்கிரையாகிறது.

ஆதலால் ஒரு வேண்டுகோள். கடற்கரைப் பங்குகளில் உள்ள பிள்ளைகளே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படியொரு தாத்தா இருந்தால், ஞாயிறு பூசைக்குப் பின் அவர் அருகே அமர்ந்து கேளுங்கள். யாருடைய படகு? கயிற்றைப் பிடித்தவர் யார்? உண்மையாகவே மைத்துனர்தானா? முதல் நாள் கடலுக்குப் போகுமுன் என்ன செபம் சொன்னீர்கள்? படகில் என்ன பாட்டு? பார்களுக்கு என்னென்ன பெயர்? கிடைத்த பங்கை யாரிடம் என்ன விலைக்கு விற்றீர்கள்? வீட்டில் பாட்டி அந்த நாள்களை எப்படிக் கழித்தார்? பாட்டிமாரைக் கேட்க மறவாதீர்கள். கரையில் காத்திருந்தவர்களின் மூச்சும் அடங்கித்தான் இருந்தது. கேட்டதைக் கேட்டபடி, அவர்கள் பேசும் சொல்லிலேயே எழுதிவையுங்கள். கையில் உள்ள தொலைபேசியிலேயே குரலையும் பதிந்துகொள்ளலாம். தேதியையும் ஊரையும் குறிக்கத் தவறாதீர்கள்.

உள்நாட்டுப் பங்குகளில் வாழும் வேளாண் குடும்பத்தாரும், இது நமக்கன்று என்று எண்ணவேண்டா. உங்கள் வயலில் பாய்ந்த தண்ணீரே கடைசியில் அந்தக் கடலில் சேர்கிறது. குளத்து மடையைக் காத்த நீர்க்கட்டியும், களத்தில் நெல் அளந்த பெரியவரும் உங்கள் வீட்டிலே இருப்பார்கள். அவர்களிடமும் கேட்கத்தக்கது உண்டு.

நம்மைப் பற்றி வெளியார் பாடினால், அன்போடு பாடினாலும் நூராபாத் என்றுதான் பெயர் வைப்பார்கள். அதற்காக அவர்களைக் கோபிப்பதில் பயனில்லை. காணாத கடலையும் அந்த இளைஞர் அத்தனை அழகாகப் பாடினார். கண்டவர்கள் நாம் வாய்மூடி இருக்கலாமா? பிஸேயின் பாட்டைக் கேளுங்கள்; மனத்துக்கு இனிமை தரும். கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் தாத்தாவின் கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள்.